அங்கிட்டுத்தான் கோளாறு

ஏழாம் வகுப்புப் படிக்கும்போது எனக்கு இந்த உலகத்தில் ஒரே ஒரு எதிரிதான். அதன் பெயர் பிங். கேம் ஆடும்போது நான் விரலை அழுத்துவதற்கும் அது நடப்பதற்கும் இடையே எவ்வளவு நேரம் ஆகிறது என்று திரை ஓரத்தில் காட்டும் எண். பகலெல்லாம் நாற்பதில் சாதுவாக நிற்கும். சாயங்காலம் ஆறரைக்கு, நானும் வகுப்புத் தோழிகள் மூன்று பேரும் சேர்ந்து ஆடும்போது, சாமி வந்ததுபோல முந்நூறில் ஆடும். நான் சுடுவதற்குள் என்னைச் சுட்டுவிடுவார்கள். அடுத்த வாரம் பையன்கள் டீமோடு போட்டி. இப்படியே போனால் வேறு ஆளைச் சேர்த்துக்கொள்வோம் என்று தோழிகள் சொல்லிவிட்டார்கள்.

அரிமளத்தில் எங்கள் வீட்டில் நெட்டைப் பற்றித் தெரிந்தவள் நான் ஒருத்திதான். ஆலையில்லா ஊருக்கு இலுப்பைப்பூ சர்க்கரை. ரவுட்டரை பீரோ மேல் வைத்தேன், ஜன்னலில் வைத்தேன். லைன்காரர் ஒரு மத்தியானம் வந்து ஒயரை மாற்றிவிட்டு, "இப்பப் பாரு பாப்பா" என்றார். மத்தியானம் அது எப்போதும் நன்றாகத்தான் இருக்கும்.

கடைசியில், பிங் ஏறியிருக்கும்போதே வீட்டுப் போன்களில் வைஃபையை ஒவ்வொன்றாக நிறுத்திப் பார்த்தேன். அப்பா போன் இல்லை, அம்மா போன் இல்லை. சித்தியின் போனை நிறுத்தியதும் சடாரென்று நாற்பதுக்கு இறங்கியது.

சித்தப்பா குவைத்தில் இருந்தார். அவர் வேலை முடிந்து அறைக்கு வரும் நேரம் அது. சித்தி வீடியோ காலைப் போட்டு, போனை மிளகாய்த்தூள் டப்பாவில் சாய்த்து வைத்துவிட்டு இங்கே சமைப்பாள். அவர் அங்கே துணி துவைப்பார், வெங்காயம் நறுக்குவார். மணிக்கணக்காக ஓடும், பேச்சே இருக்காது. எங்கள் பக்கம் வெளிநாட்டுக்கு ஆள் போன வீடுகளில் இது வழக்கம். பேசாத காலுக்கு எதற்கு இவ்வளவு நெட் என்று எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

ரவுட்டர் செட்டிங்கில் புகுந்து, சித்தியின் போனுக்கு மட்டும் வேகத்தைக் குறைத்துவிட்டேன். குரல் போகும், படம் திரையில் நிற்காமல் உடைந்துபோகும். முழுதாக வெட்டாமல் விட்டதே பெரிய தர்மம் என்று நினைத்துக்கொண்டேன்.

மறுநாள் சித்தி போனோடு வந்தாள். "ஏத்தா, ஒன் கேமு நல்லா ஓடுது, இதுல மட்டும் படம் ஏன் நிக்க மாட்டேங்குது?"

"இங்கிட்டு ஒண்ணுமில்ல சித்தி. அங்கிட்டுத்தான் கோளாறு."

வீடியோ காலில் இருந்த சித்தப்பாவுக்கும் அது கேட்டுவிட்டது. "பாப்பா சொல்றது சரிதான் புள்ள. இங்கதான் நெட்டு மோசம். பேசுனாப் போதும்ல."

என் பொய்க்குச் சாட்சியே கிடைத்துவிட்டது. அன்று தெம்பாக ஆடினேன். அடுத்த வாரம் பையன்களை ஜெயித்தோம். முகம் தெரியாமல் சும்மா காலைப் போட்டு வைக்க யாராலும் முடியாது. சாப்பிட்டியா, சாப்பிட்டேன், வைக்கிறேன் என்று சித்தியின் சாயங்காலம் இரண்டு நிமிடத்தில் முடிந்துபோனது.

மூன்று மாதம் கழித்து, நிற்கக்கூட முடியாத நிலையில் கம்பெனியே சித்தப்பாவை அனுப்பிவைத்தது. திருச்சி ஏர்போர்ட்டில் சக்கர நாற்காலியில் உட்கார்ந்திருந்தவரைத் தாண்டிப் போய் சித்தி அவரைத் தேடினாள். கண்ணெல்லாம் மஞ்சளாக, பாதியாக இருந்தார். காமாலை முற்றி ஈரல் கெட்டுப்போயிருந்தது. சொன்னால் வீட்டில் திரும்பி வரச் சொல்வார்கள், வேலை போய்விடும் என்று மாதக்கணக்காக மறைத்திருக்கிறார். வந்து ஒரு மாதம்கூட இருக்கவில்லை.

"மூஞ்சிய ஒரு தடவ பாத்திருந்தாக் கண்டுபிடிச்சிருப்பேனே" என்று சித்தி மார்பில் அடித்துக்கொண்டு அழுதாள். சுற்றியிருந்த பெண்கள் குவைத் நெட்டைச் சபித்தார்கள். நான் அவள் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தேன். வாயைத் திறக்கவில்லை. இன்றுவரை திறக்கவில்லை. அந்தப் பாவம் என்னோடுதான் இருக்கிறது.

சித்தி போனோடு வந்து கேட்ட அன்று, என் பொய் வெளியே வந்துவிடுமோ என்ற பயம் மட்டும்தான் எனக்கு இருந்தது. தன் பக்கம் நெட் நன்றாக இருப்பது சித்தப்பாவுக்குத் தெரியும். தெரிந்தும் அந்தப் பொய்யை அவர் ஏன் அவ்வளவு சீக்கிரம் ஒப்புக்கொண்டார் என்று கேட்டுப்பார்க்க அந்த வயதில் எனக்குத் தெரியவில்லை.