தாம்பூலப் பையில் ஒரு சீடி

என் தங்கையின் கல்யாணத்தில் என் மானம் தாம்பூலப் பைக்குள் போனது. இத்தனை வருஷம் கழித்தும், யாராவது கல்யாண மண்டப வாசலில் மஞ்சள் பையை நீட்டினால் எனக்குக் காது சூடாகிவிடும்.

அப்போது நான் எக்ஸ்போர்ட் கம்பெனி வேலையை விட்டுவிட்டு வீட்டில் உட்கார்ந்து மென்பொருள் எழுதிக்கொண்டிருந்தேன். ஒரு டஜன் டி-சர்ட்டுக்கு எவ்வளவு துணி பிடிக்கும் என்று சொல்கிற சின்னப் புரோகிராம். துணியின் கனம், சட்டையின் உயரம், மார்பளவு கொடுத்தால் போதும். கம்ப்யூட்டருக்கு ஒன்று, சட்டைப் பையில் அடங்குகிற பாம்டாப்புக்கு ஒன்று என்று இரண்டு விதமாக எழுதினேன். நிட்டிங் மிசின் பக்கத்தில் நின்றுகொண்டே கணக்குப் பார்க்கட்டும் என்பது என் எண்ணம். இணையத்தில் போட்டு, யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம், பிரித்துப் பார்த்து மாற்றியும் கொள்ளலாம், காசு வேண்டாம் என்று எழுதிவிட்டேன். எந்தெந்த ஊரிலிருந்தோ நன்றி சொல்லி மெயில் வரும். ஒவ்வொன்றுக்கும் பொறுமையாக விளக்கம் எழுதுவேன்.

அப்பா நல்லூரில் சிறிய தையல் யூனிட் வைத்திருந்தார். எங்கள் ஊரில் சௌக்கியமா என்று கேட்பதற்கு முன்னால் எத்தனை மிசின் ஓடுகிறது என்று கேட்பார்கள். சொந்தக்காரப் பையன்கள் ஆளுக்கொரு யூனிட் போட்டு ஓட்டிக்கொண்டிருந்தார்கள். "உங்க பையன் என்ன பண்றானுங்க?" என்று யாராவது கேட்டால் அப்பா திணறுவார். "கம்ப்யூட்டர்ல இருக்கறானுங்க" என்பார். ஆஸ்பத்திரியில் இருக்கிறான் என்று சொல்வது போலவே இருக்கும். எனக்கு அது சிரிப்பு. அவருக்கு வேதனை. தங்கையைக் கொடுக்கிற இடமோ பக்கத்து ஊரான நெருப்பெரிச்சலில் துணி பின்னுகிற பெரிய நிட்டிங் யூனிட். அந்தச் சம்பந்தி முன்னால் என்னைக் காட்டி, தலை நிமிர்ந்து நாலு வார்த்தை சொல்லிவிட வேண்டும் என்று அப்பாவுக்கு அப்படி ஓர் ஆசை.

நெட் வசதி இல்லாதவர்களுக்காகப் புரோகிராமைச் சில சீடிகளில் ஏற்றி வைத்திருந்தேன். அதில் ஒன்றை அப்பா எனக்குத் தெரியாமல் டவுனுக்கு எடுத்துப்போய்க் கட்டுக்கட்டாகக் காப்பி போட்டுவிட்டார். அதோடு விட்டாரா? உறையில் பிள்ளையார் படம் அச்சடித்து, கீழே மணமக்கள் பெயரையும் போட்டுவிட்டார். தேங்காய், வெற்றிலை பாக்கோடு பைக்கு ஒன்று.

தாலி கட்டி முடிந்ததும் அம்மாவின் தம்பி, என் மாமா, பையை ஆட்டிக்கொண்டு என்னிடம் வந்தார். "ஏ மாப்ளே, கெட்டிமேளம் நிக்கறதுக்குள்ள கல்யாண வீடியோவே ரெடியா? பலே ஆளுங்கப்பா நீங்க!" உறையைப் பிரித்தேன். சீடியின் மேல் என் புரோகிராமின் பெயர். நேரே வாசலுக்குப் போனேன். அங்கே அப்பா கும்பிட்டுக் கும்பிட்டுப் பை கொடுத்துக்கொண்டிருந்தார்.

"ஏனுங்கப்பா, யாரைக் கேட்டு இதைப் பண்ணுனீங்க?" என்று பல்லைக் கடித்தேன்.

"ஊரு ஒலகத்துக்கெல்லாம் குடுக்கறியாமா, உங்கம்மா சொன்னா. நம்ம சனத்துக்கும் குடுக்கலாம்னுதாங் கண்ணு" என்றார். சொல்லிக்கொண்டே அடுத்தவருக்கு ஒரு பையை நீட்டினார்.

மறுநாள் விடிந்ததிலிருந்து போன். எல்லோரும் அதை டிவிடி பிளேயரில் போட்டிருக்கிறார்கள். "படமே வரலீங்க." "எங்க மிசின் பழுதுங்களா, உங்க சீடி பழுதுங்களா?" பெரியம்மா ஒருத்தி அழாத குறை. "என்ற பேத்தி ஆரத்தி எடுத்ததைப் பாக்கலாம்னு தெருவையே கூப்புட்டு உக்கார வெச்சுட்டேன் சாமி. ஒண்ணுமே காணோம்."

நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போல இருந்தது. போன் ஒயரைப் பிடுங்கி எறிந்தேன். "மானத்தை வாங்கிட்டீங்க. தேங்காயோட நிறுத்தியிருக்கலாமல்ல?" என்று கத்தினேன். அப்பா ஒயரைத் தேடி எடுத்து மாட்டினார். அடுத்த போனை அவரே எடுத்தார்.

"அது படம் இல்லீங்க. பையன் பண்ணுனதுங்க." அந்தப் பக்கம் என்னவோ கேட்டார்கள். "என்னன்னு கேட்டா... நல்லதுதானுங்க" என்றார். அன்றைக்கு வந்த அத்தனை போனுக்கும் இதே பதில். நான் அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டேன்.

அடுத்த வாரம் மறுவிருந்து. மாப்பிள்ளை, தங்கை, சம்பந்தி வீட்டார் எல்லோரும் வந்திருந்தார்கள். பந்தி நடந்துகொண்டிருந்தது. சம்பந்தி சோற்றைப் பிசைந்துகொண்டே, "ஏனுங்க சம்பந்தி, அந்த சீடி எங்கூட்டுலயும் ஓடலீங்க. உள்ள என்னதானுங்க இருக்குது?" என்றார். நக்கல் இல்லை, மனுஷர் நிஜமாகவே கேட்டார். பந்தியில் எல்லாத் தலையும் எங்கள் பக்கம் திரும்பியது.

அப்பா குழம்பு வாளியோடு நின்றபடி என்னைப் பார்த்தார். அவர் காத்திருந்த கேள்வி, காத்திருந்த ஆளிடமிருந்தே வந்துவிட்டது.

எனக்கோ எப்படியாவது இந்தப் பேச்சு முடிந்தால் போதும். இளித்துக்கொண்டு, "அது ஒண்ணுமில்லீங்க மாமா. தூக்கி வீசிருங்க" என்றேன்.

அம்மாவின் தம்பி, சித்தப்பா எல்லோரும் சிரித்தார்கள். நானும் சேர்ந்து சிரித்தேன். அப்பா சிரிக்கவில்லை. வாளியைக் கீழே வைத்தார்.

"அப்படிச் சொல்லாதே சாமி" என்றார். பிறகு சம்பந்தியிடம் திரும்பினார். "எந்தெந்த தேசத்துலயோ இருந்து இவனுக்கு எழுதறாங்கங்க. ஒண்ணுமில்லாததுக்கு மெனக்கெட்டு எழுதுவாங்களா? எனக்கு வெவரம் பத்தாதுங்க, அவ்வளவுதான்."

தோள் துண்டில் கையைத் துடைத்துக்கொண்டு சம்பந்தியின் இலைக்கு எதிரே தரையில் உட்கார்ந்தார். பரிமாறுகிற வீட்டுக்காரர் பந்தி நடுவில் உட்கார்ந்து நான் பார்த்ததில்லை.

"நீயே சொல்லு கண்ணு. எனக்கும் நீ இதுவரைக்கும் சொன்னதில்லையே. நாங்க ரெண்டு பேரும் சேந்தே கேட்டுக்கறோம்."

அவர் குரலில் துளிக் கோபம் இல்லை. என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார். நான் அவர் கீழே வைத்த வாளியைத் தூக்கிக்கொண்டு அடுத்த இலைக்குப் போய்விட்டேன்.