யாழினியின் எடை: வில்லியனூரிலிருந்து குருவிநத்தம் வரை

இந்தப் பயணத்துக்குத் திட்டம் எதுவும் கிடையாது. போன செவ்வாய்க்கிழமை சாயங்காலம் ஆறரை மணிக்குத் தங்கை அமுதா போன் செய்தாள்.

"அண்ணா, அங்கன்வாடில பாப்பாவுக்கு வெயிட்டு போட்டாங்க. போன மாசம் ஆறு கிலோ நானூத்தி அம்பது. இன்னிக்கி ஆறு எரநூறுதான். இளைச்சிட்டாளாம்ணா. நாளைக்குப் பத்து மணிக்கு மறுபடி போடுவாங்களாம். அப்பவும் கொறஞ்சிருந்தா ஆஸ்பத்திரிக்கு இட்டுனு போவணுமாம்."

யாழினிக்கு ஒன்பது மாதம். எங்களுக்கு ஒரு தம்பி இருந்தான். அவனும் இப்படித்தான் மாதத்துக்கு மாதம் இளைத்து, முதல் பிறந்த நாளைப் பார்க்காமலே போய்விட்டான். வீட்டில் யாரும் அவன் பெயரை எடுப்பதில்லை. அன்றும் நாங்கள் எடுக்கவில்லை. ஆனால் இருவரும் அவனைத்தான் நினைத்துக்கொண்டிருந்தோம்.

பயம் வந்தால் எனக்குக் கை சும்மா இருக்காது, எதையாவது குறித்துக்கொண்டே இருப்பேன். அதனால் அந்தப் பக்கம் போகிறவர்களுக்கு இந்தப் பதிவில் நேரமும் கட்டணமும் துல்லியமாகக் கிடைக்கும்.

புதன் காலை 7.10க்கு வில்லியனூரில் பஸ் ஏறினேன். பத்து ரூபாய். 7.45க்குப் புதுச்சேரி பஸ் நிலையம். கடலூர் பஸ் 8.05க்குக் கிளம்பியது. கிருமாம்பாக்கத்துக்கு இருபது ரூபாய். ஜன்னல் ஓரம் இடம் கிடைத்தும் வெளியே எதையும் பார்க்கவில்லை. பக்கத்து வரிசையில் ஒரு அம்மா மடியில் கைக்குழந்தை, தொடையில் இரண்டு மடிப்பு. அந்த மடிப்பையே பார்த்துக்கொண்டு வந்தேன். அவர் முந்தானையை இழுத்துக் குழந்தையை மூடினார். கண் வைக்கிறேன் என்று நினைத்திருப்பார், அவர் மேல் தப்பில்லை. யாழினிக்கு அப்படி மடிப்பு இருந்ததா என்று யோசித்தேன். அவள் காலில் கிடந்த கொலுசுதான் நினைவுக்கு வந்தது.

8.50க்குக் கிருமாம்பாக்கத்தில் இறங்கினேன். அங்கிருந்து குருவிநத்தம் ஏறக்குறைய ஒன்பது கிலோமீட்டர். ஆட்டோக்காரர் 180 கேட்டார், பேரம் பேசத் தோன்றவில்லை. நீங்கள் பேசுங்கள், குறைப்பார்.

"அங்கன்வாடிக்கா? இன்னாண்ணா, மேலேர்ந்து செக்கிங்கா?"

"இல்லப்பா, தங்கச்சி குழந்தைக்கு எடை போடுறாங்க."

"என் வூட்டுக்காரி போவவே மாட்டேன்னுட்டா. நாலு பேர் முன்னாடி தராசுல வெச்சா கண்ணு பட்டுடுமாம். சண்ட போட்டுத்தான் இட்டுனு போனேன்." பிறகு கண்ணாடியில் என் முகத்தைப் பார்த்தார். "பயப்படாதண்ணா, இருவது நிமிசத்துல உட்டுடறேன்." வண்டி பறந்தது. பாகூரைத் தாண்டியதும் சாலையின் இரண்டு பக்கமும் நெல் வயல். பார்க்க அழகாக இருந்திருக்கும், நான் கம்பியைப் பிடித்துக்கொண்டு கண்ணை மூடியிருந்தேன்.

9.20க்கு அங்கன்வாடி. டீச்சர் இந்த மாதம்தான் மாற்றலாகி வந்தவர். பத்து மணிக்கு அமுதாவும் அவள் மாமியாரும் வந்தார்கள். முந்தின நாள் மாமியார் கடலூருக்குப் போயிருந்ததால், அமுதா குழந்தையைக் குளிப்பாட்டிய கையோடு ஒரு துண்டில் சுற்றித் தனியாகத் தூக்கி வந்திருக்கிறாள். இன்று அத்தை விடவில்லை. கொலுசு, காப்பு, வெள்ளி அரைஞாண் எல்லாம் போட்டு, கன்னத்தில் மையும் வைத்து அழைத்து வந்திருந்தார்.

யாழினியைத் தராசில் வைத்தார்கள். 6.520.

"பாத்தியா!" என்றார் அத்தை. "கொழந்த ஏறித்தான் இருக்கு. நேத்து உங்க மிசினு சரியில்லம்மா."

அமுதா அழுதாள். டீச்சர் மட்டும் சிரிக்கவில்லை. "நேத்து இவ்ளோ நகை இல்லியே. எல்லாத்தையும் கழட்டுங்க" என்றார்.

"வெள்ளிய கழட்டக் கூடாதும்மா. போன டீச்சரும் கேட்டாங்க, நான் உடல. தாய்மாமன் சீரு அது."

தாய்மாமன் நான்தான். ஐந்தாம் மாதம் காது குத்தியபோது போட்டது. மெல்லிசாக எடுத்துப் போட்டால் சம்பந்தி வீட்டில் பேசுவார்கள் என்று, கனமாக வேண்டும் என்று கேட்டே வாங்கினேன்.

"அத்தை, நானே கழட்டுறேன்" என்றேன். அரைஞாண் கொக்கி லேசில் வரவில்லை. கழற்றியபோதுதான் முதன்முறையாக அந்தக் கால்களைப் பார்த்தேன். மடிப்பு இல்லை.

6.200.

டீச்சர் வெள்ளியை மட்டும் தனியே தராசில் வைத்தார். 320 கிராம். எடை அட்டையை எடுத்து, பழைய மூன்று புள்ளிகளிலும் 320 கழித்துப் புதிதாகக் குறித்தார். சரியான எடை என்று பச்சையில் இருந்த மூன்றும், எடை குறைவு என்று காட்டும் மஞ்சளுக்கு இறங்கின.

"பாப்பா இப்ப இளைக்கல. மூணு மாசமாவே இப்படித்தான் இருந்திருக்கா. யாருக்கும் தெரியல" என்றார். "இங்க குடுக்குற சத்துமாவ பாப்பாவுக்குக் குடுக்குறீங்களா?"

அமுதா தலை குனிந்துகொண்டாள். "பாப்பாதான் பச்சையில இருக்காளேன்னு வூட்ல எல்லாரும் காலையில கஞ்சி காச்சிக் குடிச்சிட்டோம் டீச்சர்."

அன்றே பாகூரில் டாக்டரிடம் காட்டினோம். சேர்க்கச் சொல்லவில்லை. வாரம் ஒரு முறை எடை பார்க்க வேண்டும், இரண்டு வாரத்தில் ஏறாவிட்டால் புதுச்சேரிக்கு அனுப்புவேன் என்றார். வீட்டு வாசலில் அத்தை வெள்ளியைத் துணியில் முடிந்து என் கையில் கொடுத்தார். "நீங்களே வெச்சிருங்க தம்பி. இங்க இருந்தா நான் போட்டு உட்டுடுவேன்."

குழந்தையோடு இப்படிப் போகிறவர்களுக்கு: எடை அட்டையை மறக்காதீர்கள். பத்து மணிக்கு முன்பே போய்விடுங்கள். திரும்பும்போது குருவிநத்தத்தில் ஆட்டோவுக்குக் காத்திருக்க வேண்டியிருக்கும், எனக்கு நாற்பது நிமிடம் ஆனது. சத்துமாவு யாருக்குக் கொடுத்தார்களோ அவர்களுக்கே கொடுங்கள். தராசில் வைக்கும் முன் எல்லாவற்றையும் கழற்றிவிடுங்கள், நான் போட்டதாக இருந்தாலும்.

அடுத்த எடை வருகிற புதன்கிழமை. பஸ் நேரம் இப்போது மனப்பாடம். வெள்ளி முடிச்சு என் மேசையில் இருக்கிறது. பயணப் பையில் அதை எடுத்து வைக்கப் போவதில்லை.