வெள்ளிக்கிழமை ஓசோன்

அத்தானின் நெஞ்சு கெட்டு மூச்சு வாங்கத் தொடங்கிய பிறகு, என் வேலையிடத்தில் ஒதுக்கிவைத்திருந்த பழைய ஓசோன் அளக்கும் கருவியை அனுமதி கேட்டு எடுத்துப்போய், கொட்டாஞ்சேனையில் அக்காவின் தொடர்மாடி வீட்டு ஹோலில் வைத்தேன். காற்றை இழுக்கும் குழாயின் வாயை பல்கனிக்கு வெளியே விட்டேன். ஓசோன் கூடின நேரம் வெளியே திரிய வேண்டாம் என்று டொக்டர் சொல்லியிருந்தார். கண்ணுக்குத் தெரியாத ஒன்றுக்குப் பயந்து மனுசன் அடைபட்டுக் கிடப்பதைவிட, இலக்கத்தைப் பார்த்துப் போய்வரட்டும் என்று நினைத்தேன்.

அக்காவுக்கு விளங்கப்படுத்தினேன். கருவிக்குள் ஒரு குழாய். ஒரு முனையில் புறஊதா விளக்கு, மறுமுனையில் அந்த ஒளியைப் பார்க்கும் கண். ஓசோன் அந்த ஒளியை விழுங்கிவிடும். அதே காற்றை ஓசோனை அழிக்கும் வடிகட்டி வழியாக விட்டும், விடாமலும் கருவி மாறிமாறிப் பார்க்கும். இடையில் எவ்வளவு ஒளி குறைகிறதோ அவ்வளவு ஓசோன். அக்கா பொறுமையாகக் கேட்டுவிட்டு, "எத்தினைக்கு மேல போனா இவரை விடக்கூடாது, அதைச் சொல்லு" என்றாள். சொன்னேன். அடுத்த முறை போனபோது கருவியின் நெற்றியில் சந்தனப் பொட்டு இருந்தது. நான் சிரித்தேன். அவள் சிரிக்கவில்லை.

அத்தான் ஆசைப்பட்டதெல்லாம் வெள்ளிக்கிழமை பின்னேரம் கோயிலுக்குப் போய், பூசை முடிய வாசலில் பழைய சிநேகிதர்களோடு கொஞ்சம் கதைத்துவிட்டு வருவதுதான். அதுவும் வரவர இல்லாமல் போனது. போன் எடுத்தால், "இண்டைக்கும் காத்துச் சரியில்லையாம்" என்பார். வேட்டி கட்டித் திருநீறும் பூசிக்கொண்டு கதிரையில் இருந்திருப்பார். எனக்கு அக்காமேல்தான் கோபம் வரும். ஓசோன் வெயிலில் உண்டாவது, பொழுதுபட அது இறங்க வேண்டும். விட மனமில்லாமல் சாட்டுச் சொல்கிறாள் என்றே நினைத்தேன்.

அத்தான் போய்ச்சேர்ந்து, முப்பத்தோராம் நாள் அந்தியேட்டியும் முடிந்த பிறகு, ஒரு வெள்ளிக்கிழமை கருவியைக் கழற்றப் போனேன். பொழுதுபடும் நேரம் அக்கா சாம்பிராணிச் சட்டியோடு வந்தாள். சாமிப் படங்களுக்குக் காட்டி, வீடு முழுக்கச் சுற்றி, கடைசியில் பல்கனிக்குப் போய்க் குழாயின் வாயிலும் காட்டினாள், கடைக்காரர் காசு லாச்சிக்குக் காட்டுவதுபோல.

"இதுதானே அவரைக் காத்தது" என்றாள்.

திரையில் இலக்கம் ஏறத் தொடங்கியது. நான் சொன்ன அளவையும் தாண்டி ஏறியது.

"எப்பவும் இப்பிடித்தானோ காட்டுறனீங்கள்?"

"ஓம், வெள்ளிக்கு வெள்ளி. புகை அடங்குமட்டும் அவர் அறைக்குள்ள கதவைச் சாத்திக்கொண்டு இருப்பார். வெளிக்கிட முதல் இலக்கத்தைப் பாப்பன். ஏனடி?"

மறைக்கத்தான் நினைத்தேன். அவள் என் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள். சாம்பிராணியில் இருந்து வரும் ஆவியும் அதே ஒளியை விழுங்கும், வடிகட்டி ஓசோனைப்போல அதையும் பிடித்துவிடும், புகை அடங்கின பிறகும் அது குழாயில் ஒட்டி நிற்கும், கருவிக்குப் பிரித்துப் பார்க்கத் தெரியாது, வெளியே காற்று நன்றாகத்தான் இருந்திருக்கும் என்று சொல்லிவிட்டேன்.

அக்கா சட்டியைக் கீழே வைத்தாள்.

"அப்ப அவர் போயிருக்கலாம்."

"ஓம் அக்கா."

"கடைசி வெள்ளியும் கேட்டவர். கோயில் வாசல்மட்டும் போயிட்டு வாறனெண்டு என்ர கையைப் பிடிச்சுக் கேட்டவர். தங்கச்சி வச்ச மெஷின் பொய் சொல்லாதெண்டு நான்தான் இருத்தினனான்."