ஸ்பேமில் கிடந்த இருவர்

அந்த மின்னஞ்சல்கள் தாமாக ஸ்பேமுக்குப் போகவில்லை. போகும்படி நான்தான் பழக்கினேன்.

இதை இதுவரை யாரிடமும் சொன்னதில்லை. கேட்டவர்களிடமெல்லாம் "ஸ்பேமுக்குப் போயிடுச்சு" என்றே சொல்லிவந்தேன். நீங்களும் எத்தனையோ முறை சொல்லியிருப்பீர்கள்... எவ்வளவு வசதியான வாக்கியம்! அதில் குற்றவாளி என்று ஒருவருமே இல்லை.

தொம்மலூரில் ஒரு பேக்கரிக்கு மேல்மாடியில் எங்கள் அலுவலகம். பார்வையற்ற மாணவர்களுக்குப் பரீட்சை எழுத ஆள் அனுப்பும் சிறிய அறக்கட்டளை. மாணவர் சொல்லச் சொல்ல அந்த ஆள் விடைத்தாளில் எழுதுவார். யாருக்கு எந்த மொழியில் ஆள் வேண்டும், யாரால் எந்த நாளில் வர முடியும் என்று பார்த்துச் சேர்த்துவைப்பது என் வேலை. எல்லாமே மின்னஞ்சலில்தான். போன் செய்யாதீர்கள், மின்னஞ்சல் மட்டும் அனுப்புங்கள் என்று எங்கள் இணையதளத்தில் போட்டவளும் நானே. போன் எடுத்து எடுத்துக் காது மரத்துப்போயிருந்த ஒரு மார்ச் மாதத்தில் அப்படிப் போட்டேன்.

எழுத வருகிறவர்களில் தமிழ் தெரிந்தவர் ஒரே ஒருவர். ஆஸ்டின் டவுன் ஜெயபாலன் அண்ணா. பஸ் கண்டக்டராக இருந்து ஓய்வு பெற்றவர். பெங்களூரில் தமிழில் பரீட்சை எழுதுகிறவர்கள் எங்களிடம் வருவது அபூர்வம். ஆகவே அவருக்கு வேலையும் அபூர்வம். மின்னஞ்சல் எழுதும் ஆசை மட்டும் தினசரி!

"அன்புத் தங்கச்சிக்கு" என்று தொடங்குவார். காலை வணக்கத்தோடு ஒரு ரோஜாப்பூ இருக்கும். போன பரீட்சையில் மின்விசிறி ஓடாதது, காவலுக்கு இருந்த ஆசிரியர் தூங்கி வழிந்தது, அறக்கட்டளையை இன்னும் எப்படியெல்லாம் நடத்தலாம் என்கிற யோசனைகள்... கடைசியில் "தவறாமல் பதில் போடவும்."

ஆரம்பத்தில் ஒழுங்காகப் பதில் போட்டேன். பிறகு ஒரே ஒரு வரி. பிறகு "நன்றி அண்ணா" மட்டும். அந்த நன்றிக்கும் ஒரு பக்கத்துக்குப் பதில் வந்தது!

என் மேஜைக் கணினியில் இருக்கும் மின்னஞ்சல் மென்பொருளில் ஒரு பொத்தான் உண்டு. ஒரு கடிதத்தைத் தேர்ந்து அதை அழுத்தினால், இது குப்பை என்று அர்த்தம். அழுத்த அழுத்த மென்பொருள் கற்றுக்கொள்ளும். அந்த மாதிரிக் கடிதங்களைப் பிறகு தானாகவே ஒதுக்கிவிடும். நல்லதும் தவறி அதில் விழும், தினம் ஒரு தடவை திறந்து பாருங்கள் என்று அதை நிறுவிக்கொடுத்தவர் சொன்னார். நான் பொத்தானைப் பற்றி அவர் சொன்னதை மட்டும் காதில் வாங்கிக்கொண்டேன்.

ஒருநாள் களைப்பில் ஜெயபாலன் அண்ணாவின் ரோஜாப்பூவுக்கு அந்தப் பொத்தானை அழுத்தினேன். என்ன நிம்மதி! அவருக்கு ஒன்றும் தெரியப்போவதில்லை. எனக்கும் பதில் போடுகிற வேலை இல்லை. மறுநாளும் அழுத்தினேன். அதற்கடுத்த நாளும்... சில வாரங்களில் அழுத்தவே தேவைப்படவில்லை.

நான் யோசிக்காதது ஒன்று இருந்தது. எனக்கு வருகிற மற்றதெல்லாம் ஆங்கிலம், கொஞ்சம் கன்னடம். தமிழில் எழுதுகிறவர் ஏறக்குறைய அவர் ஒருவர்தான். அந்த மென்பொருளுக்கு ஜெயபாலன் அண்ணாவைத் தெரியுமா, அவர் நல்லவர் என்று தெரியுமா? நான் குப்பை என்று காட்டியதில் எல்லாம் தமிழ் எழுத்து இருந்தது. காட்டாததில் இல்லை. ஆகவே தமிழ் எழுத்தே குப்பை என்று அது கற்றுக்கொண்டது. வேலூரில் தமிழ் மீடியத்தில் படித்த என்னிடமிருந்து கற்றுக்கொண்டது!

கோகிலா ஓசூர்ப் பக்கத்துப் பெண். இங்கே விடுதியில் தங்கித் தொலைநிலைக் கல்வியில் தமிழ் இலக்கியம் படித்தாள். கடைசித் தாள் ஒன்றுதான் பாக்கி. அதை முடித்தால் பி.எட். படிக்க இடம் தயாராக இருந்தது. போனில் வாயால் சொல்லித் தமிழிலேயே மின்னஞ்சல் அனுப்புவாள். முந்தைய வருடம் அப்படிக் கேட்டபோது ஜெயபாலன் அண்ணா போய் எழுதிக்கொடுத்தார். நான் பதில் எழுதாமல் ஆளை மட்டும் அனுப்பியிருந்தேன். அதனால் இந்த முறையும் பதில் வராததை அவள் சந்தேகிக்கவில்லை.

பரீட்சை அன்று காலை சிவாஜிநகரிலிருந்து போன் வந்தது.

"மேடம், நான் கோகிலா. ஹாலுக்கு வெளிய உட்கார்ந்திருக்கேன். எழுத வர்றவர் கிளம்பிட்டாரா?"

யார் கிளம்ப வேண்டும்? எந்தப் பரீட்சைக்கு? இரும்மா என்று சொல்லிவிட்டு, மாதக்கணக்கில் திறக்காத ஸ்பேம் ஃபோல்டரைத் திறந்தேன்.

லாட்டரிப் பரிசு, உடனடிக் கடன், முடி வளர எண்ணெய்... நடுவில் கோகிலாவின் மூன்று கடிதங்கள். தேதி, இடம், தமிழ் எழுதத் தெரிந்த ஆள் வேண்டும் என்கிற கோரிக்கை. அவற்றை ஒட்டியே ஜெயபாலன் அண்ணாவின் கடிதம். இந்த மாதம் முழுக்கச் சும்மாதான் இருக்கிறேன் தங்கச்சி, தமிழ்ப் பிள்ளைகள் யாருக்காவது பரீட்சை இருந்தால் சொல்லவும் என்று எழுதியிருந்தார்.

ஒருத்தி ஆள் கேட்கிறாள்... ஒருவர் வருகிறேன் என்கிறார்... ஒன்றுக்குக் கீழ் ஒன்றாக! இருவரையும் சேர்த்துவைப்பது மட்டும்தானே என் வேலை?

இதுவரை சொன்னதைக் களைப்பு என்று நீங்கள் விட்டுவிடக்கூடும். இனிமேல் சொல்வதற்கு அந்தச் சாக்கும் இல்லை.

பரீட்சை தொடங்கி அரை மணி வரை உள்ளே விடுவார்கள். ஆஸ்டின் டவுனிலிருந்து ஆட்டோவில் வர அது போதும். நானே ஓடியிருக்கலாமே என்பீர்கள். எழுதுகிறவர் மாணவரைவிடக் குறைவாகப் படித்தவராக இருக்க வேண்டும் என்பது விதி. நான் பட்டதாரி. அவர்தான் ஒரே வழி.

அவர் எண்ணை எடுத்தேன். விரல் நின்றுவிட்டது. இத்தனை மாதமாக ஏன் பதில் இல்லை என்று கேட்பாரே! என்ன சொல்வேன்? உங்களைக் குப்பையில் போட்டிருந்தேன் என்றா?

கன்னடம் எழுதும் இருவரை அழைத்து, தமிழ் எழுத வருமா என்று கேட்டேன். வராது என்று எனக்கே தெரியும். அப்படிக் கேட்டுக் கேட்டே அந்த அரை மணியைத் தீர்த்தேன். ஆம்... வேண்டுமென்றேதான் தீர்த்தேன்.

பிறகு கோகிலாவை அழைத்து, மின்னஞ்சல் ஸ்பேமுக்குப் போய்விட்டது, இப்போதுதான் பார்த்தேன் என்றேன்.

"என் மேலதான் தப்பு மேடம். ஒரு தடவை போன் பண்ணிக் கேட்டிருக்கணும். பண்ணாதீங்கன்னு போட்டிருந்துச்சு, அதான்..."

என்னைத் திட்டியிருக்கலாமே! ஏன் திட்டவில்லை?

பி.எட். இடம் அந்த வருடம் வேறு யாருக்கோ போனது. எங்கள் இயக்குநர் கன்னடக்காரர், நல்ல மனிதர். "பரவாகில்ல மேடம், கம்ப்யூட்டர் செஞ்ச தப்புக்கு நீங்க என்ன பண்ணுவீங்க?" என்று காபி வாங்கிக்கொடுத்தார். குடித்தேன்.

தமிழில் வந்திருந்த எல்லாவற்றையும் குப்பையல்ல என்று ஒவ்வொன்றாகக் காட்டி, மென்பொருளை மீண்டும் பழக்கினேன். இப்போது தமிழ்க் கடிதம் நேராக உள்ளே வரும். ஆனால் எழுதத்தான் யாருமில்லை. ஜெயபாலன் அண்ணா நிறுத்திவிட்டார். அந்த ஃபோல்டரில் கிடந்த அவருடைய கடைசிக் கடிதத்தில் ரோஜாப்பூ இல்லை. தொந்தரவு செய்திருந்தால் மன்னிக்கவும் என்று மட்டும் இருந்தது.

கோகிலா இந்த வருடம் மறுபடி அந்தத் தாளை எழுதுகிறாள். ஜெயபாலன் அண்ணாவை அழைக்கும் பொறுப்பை இயக்குநரிடம் தள்ளிவிட்டேன். எனக்கு இன்னும் அந்த எண்ணை அழுத்தத் தைரியம் வரவில்லை.

கோகிலாவின் மின்னஞ்சல் நேற்று வந்தது, ஆங்கிலத்தில். விடுதியில் யாரிடமோ கேட்டுக் கேட்டு எழுதியிருக்கிறாள், வாக்கியத்துக்கு வாக்கியம் பிழை. தமிழில் அனுப்பினால் குப்பைக்குப் போகும் என்று யாரோ சொன்னார்களாம். இனி ஆங்கிலத்திலேயே எழுதுவாளாம். போன தடவை தமிழில் எழுதியதற்கு மன்னிப்பும் கேட்டிருக்கிறாள்... தமிழ் இலக்கியம் படிக்கிற பெண்!

நீ தமிழிலேயே எழுதம்மா என்று பதில் போட உட்கார்ந்தேன். முதல் வரியை அடித்தும் விட்டேன். ஏன் என்று கேட்டால் எல்லாவற்றையும் சொல்ல வேண்டியிருக்குமே...

அதை அழித்துவிட்டு, 'கிடைத்தது' என்று ஒரு சொல் மட்டும் அனுப்பினேன். அதையும் ஆங்கிலத்தில்தான் அனுப்பினேன்.