உட்கார்ந்து பறிக்கும் காய்

2023 அக்டோபர், இரண்டாவது வியாழக்கிழமை. காலை ஐந்து மணிக்குக் கொல்லங்கோட்டிலிருந்து கிளம்பினோம். முந்தைய நாள் மழையில் நெல்வயல்களுக்கு நடுவே சாலை மட்டும் கார் விளக்கில் கறுப்பாகத் தெரிந்தது. காரில் மூன்று பேர்: ஓட்டுநர் ராஜன், என் பள்ளித் தோழன் மயில்சாமி, நான். மயில்சாமி கோயம்புத்தூரில் எலும்பு அறுவை மருத்துவன். அறுவைக்கு வேண்டிய கருவிகளைத் தானே யோசித்துச் செய்துபார்க்கிறவன். ஊருக்கு அவர் டாக்டர். எட்டாம் வகுப்பில் ஒரே பெஞ்சில் உட்கார்ந்த எனக்கு இன்னும் 'அவன்'தான்.

அவன் மடியில் ஒரு தகரப் பெட்டி. உள்ளே ஸ்பேனர்கள், நட்டுகள், எஃகு வளையங்கள்.

"ஏனுங்க டாக்டரே, அதை மடியிலயே வெச்சுட்டு வரோணுமுங்களா? பின்னாடி வெச்சுப்போடலாமுங்கோ" என்றார் ராஜன்.

"ஆடுனா நட்டெல்லாம் கலந்துக்கும் ராஜா. நீ ரோட்டைப் பாரு."

மாநில எல்லையில் கோவிந்தாபுரம் சோதனைச் சாவடியில் யாரும் எங்களை நிறுத்தவில்லை. எனக்கு இன்னோர் எல்லைச் சாவடியான வாளையார் நினைவு வந்தது. மயில்சாமி வேலைக்குச் சேர்ந்த புதிதில், கோயம்புத்தூர் பட்டறை ஒன்றில் கடைந்த வளையங்களை ஊருக்கு எடுத்து வந்து ராத்திரியெல்லாம் அரத்தால் ராவுவான். ஒருமுறை லாரி வரிசைக்கு நடுவே பஸ்ஸை நிறுத்திப் பையைத் திறக்கச் சொன்னார் ஓர் அதிகாரி. "எந்த வண்டிக்கு ஸ்பேர் இது?" என்றார். "மனுசனுக்குங்க" என்றான் இவன். அவர் நம்பவில்லை. பக்கத்து இருக்கைக்காரர் தன் வேட்டியை விலக்கி முழங்கால் தழும்பைக் காட்டி, "எனக்கும் ஒண்ணு உள்ளே கிடக்குது, அதுக்கும் பில் வேணுமா?" என்று கேட்ட பிறகுதான் பஸ் நகர்ந்தது.

ஏழரைக்குப் பழனி. இட்லி, காபி, மூன்று பேருக்கும் சேர்த்து 210 ரூபாய். சாப்பிடும்போதுதான் இந்தப் பயணத்தின் காரணத்தை முழுதாகச் சொன்னான்.

முழங்காலுக்குக் கீழே எலும்பு நொறுங்கியவர்களுக்குக் காலைச் சுற்றி வெளியே பூட்டும் வளையச் சட்டம் ஒன்று உண்டு. வளையங்களிலிருந்து கம்பிகள் தோலைத் துளைத்துப் போய் எலும்பைப் பிடித்துக்கொள்ளும். எலும்பு ஒட்டும் வரை மாதக்கணக்கில் அதோடுதான் நடக்க வேண்டும். கனமாக இருந்த அந்தச் சட்டத்தைப் பாதி எடைக்குக் குறைத்தது மயில்சாமியின் வேலை. சமவெளிக்காரர்கள் அதைப் பூட்டிக்கொண்டு கடைக்குப் போய் வருகிறார்கள். ஆனால் ஏலமலையிலிருந்து வந்த மூன்று பேருக்கும் ஒரே இடத்தில், கணுக்காலுக்கு மேலே உள்ள கம்பி தளர்ந்து புண்ணாகிவிட்டது.

"மூணு பேருக்கும் அதே கம்பிடா. கனம் தூக்குனீங்களான்னு கேட்டா இல்லைங்கறாங்க. பொய் சொல்ற மாதிரியும் தெரியலே. நேர்ல பாத்தாத்தான் ஆகும்."

மூவரில் ஒருவர் அருள்மேரி. போடிமெட்டுக்கு அப்பால் ஒரு ஏலத் தோட்டத்தில் வேலை. ஏப்ரலில் ஜீப் சாய்ந்து கால் முறிந்தது. கணவர் இல்லை. மகள் தேனியில் விடுதியில் தங்கி நர்சிங் படிக்கிறாள்.

பதினொன்றுக்குப் போடிநாயக்கனூர். டீ பதினைந்து ரூபாய். அங்கிருந்து போடிமெட்டு இருபத்தைந்து கிலோமீட்டருக்குச் சற்று மேல். பதினேழு கொண்டை ஊசி வளைவுகள். வளைவுக்கு வளைவு வெயில் குறைந்தது. மேட்டில் மேகம் சாலையைக் குறுக்கே கடந்துகொண்டிருந்தது. மயில்சாமி கண்ணாடியை இறக்கிவிட்டான்.

"நெல்லியாம்பதி போனோமே, ஞாபகம் இருக்குதா?"

இல்லாமலா? 1979 டிசம்பர், பள்ளிச் சுற்றுலா. எங்கள் இருவருக்கும் அதுதான் முதல் மலை. இடுப்பளவு தேயிலைக்கு நடுவே பெண்கள் நின்றபடி கிள்ளிக் கிள்ளி முதுகுக் கூடையில் போட்டதை வாய் பிளந்து பார்த்தோம். திரும்பும் வழியில் வகுப்பே பாடிக்கொண்டிருக்க, இவன் மட்டும் ஒரு குடைக் கம்பியை வளைத்து வளைத்து நிமிர்த்திக்கொண்டிருந்தான். குடை என்னுடையது. வீட்டில் வாங்கிய அடியைச் சொன்னேன். "உன் குடைதானா அது?" என்று சிரித்தான். நாற்பத்து நான்கு வருடம் கழித்துத்தான் அது அவனுக்குத் தெரிந்தது.

பூப்பாறைச் சாலையிலிருந்து இடதுபுறம் பிரியும் மண்பாதையில் பன்னிரண்டரைக்குத் தோட்டத்தை அடைந்தோம். லயம் என்று சொல்லும் தொழிலாளர் வீட்டு வரிசை. ஒரே கூரையின் கீழ் எட்டுக் கதவுகள். மூன்றாவது கதவில் அருள்மேரி நின்றாள். நாற்பதைத் தாண்டியவள். சட்டத்தைச் சுற்றிப் பழைய சேலைத் துணியைச் சுத்தமாகக் கட்டியிருந்தாள்.

"வாங்கய்யா. இம்புட்டு தூரம் எதுக்கு வந்தீக? சொல்லி விட்டிருந்தா நானே வந்திருப்பேன்ல?" என்றவள், நாங்கள் உட்காருவதற்குள், "அய்யா, இன்னைக்குக் கழட்டிருவீகளா?" என்றாள்.

மயில்சாமி துணியை அவிழ்த்தான். கணுக்காலுக்கு மேலே கம்பியைச் சுற்றிச் சிவப்பு. எலும்பு ஒட்டிவிட்டதா என்று பார்க்க ஒரு வழி உண்டு. வளையங்களை இணைக்கும் தண்டுகளின் நட்டுகளைத் தளர்த்தினால் உடம்பின் பாரம் சட்டத்தை விட்டு எலும்பில் இறங்கும். அப்படி நடந்து வலிக்காவிட்டால் சட்டத்தைக் கழற்றலாம். நட்டுகளைத் தளர்த்திவிட்டு, "மாதா கெபி வரைக்கும் போய்ட்டு வரலாம் வாங்க" என்றான். மாதா சிலை வைத்த சிறு குகையான அந்தக் கெபி சரிவின் கீழே, கூப்பிடு தூரத்தில் இருந்தது. மதிய உணவுக்கு வந்திருந்த பெண்கள் கூடிவிட்டார்கள்.

அருள்மேரி சிரித்த முகத்தோடு நடந்தாள். மயில்சாமி கூடவே போனான்.

"கப்பைக் கெழங்குக்கு மீன் கொழம்பு எப்படி வெப்பீங்க?"

"அதுவா அய்யா? கொடம்புளிய ஊறப் போட்டுட்டு, சின்ன உள்ளி, இஞ்சி எல்லாம் நல்லா வதக்கி, மொளகாப் பொடிய..."

பாதை கீழே இறங்கியது. இரண்டு எட்டு மௌனம்.

"...போட்டு, பச்ச வாசன போனதும் புளித்தண்ணிய..."

மறுபடி ஓர் இறக்கம். மறுபடி மௌனம். சிரிப்பு மட்டும் முகத்திலேயே இருந்தது.

கெபியைத் தொட்டுத் திரும்பி வந்ததும், "வலியே இல்லய்யா" என்றாள்.

"கொழம்புல மீனே போடலையேடி, அதுக்குள்ள எறக்கிட்ட!" என்றாள் அடுத்த வீட்டு லூர்து. அவளும் தோட்டத்தில் காய் எடுப்பவள்தான். எல்லோரும் சிரித்தார்கள். மயில்சாமி சிரிக்கவில்லை. குனிந்து நட்டுகளை ஒவ்வொன்றாக மறுபடி முறுக்கினான்.

"ஒட்டலீங்க. எறங்கறப்பவெல்லாம் பேச்சு நின்னுபோச்சு. எலும்பு வலிச்சா பேச முடியாது. இன்னும் மூணு மாசம் சட்டம் இருக்கோணும்."

அருள்மேரியின் முகத்திலிருந்து சிரிப்பு போனது. "மூணு மாசமா? நாளைக்குப் பெரட்டுல நிக்கலேன்னா வீடு போயிரும்யா! உங்களுக்கு என்ன, சொல்லிட்டு வண்டியில ஏறிருவீக. ஆறிருச்சுன்னு ஒரு சர்ட்டிபிக்கேட் எழுதிக் குடுங்க, போதும்."

பெரட்டு என்பது காலையில் பேர் கூப்பிட்டு வேலை பிரிக்கும் கூட்டம். லயத்தில் கூடியவர்களோடு தோட்டத்துச் சூப்பர்வைசர் தேவராஜும் வந்து நின்றிருந்தார். அவர்தான் விளக்கினார். லயத்தில் இருப்பவர்கள் தோட்டத்தில் வேலை செய்ய வேண்டும். நாளை அடுத்த சுற்றுக் காய் எடுப்பு தொடங்குகிறது. இந்தச் சுற்றிலும் பேர் இல்லை என்றால் வீடு வேறு குடும்பத்துக்குப் போகும். "நான் போட்ட சட்டம் இல்ல சார். இதுவரைக்கும் இழுத்துப் பாத்துட்டேன்."

"சட்டத்தோடயே வேலைக்குப் போகட்டுமுங்க. நடக்கலாம், எத்தனை நேரம் வேணும்னாலும் நிக்கலாம். நின்னு காய் பறிக்கறதுக்கு என்ன?" என்றான் மயில்சாமி.

பெண்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். பிறகு லூர்து வாயைப் பொத்திக்கொண்டாள். "நின்னுகிட்டா? ஏலக்காயவா? டாக்டரய்யா, அது மேலயா காய்க்குது?"

சிரிப்பு லயம் முழுக்கப் பரவியது. அருள்மேரிகூடக் கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்துவிட்டாள். லூர்து எங்களைப் பக்கத்துச் சரிவுக்குள் கூட்டிப் போனாள். ஆளை மறைக்கும் உயரத்துக்குச் செடிகள். கையால் சருகை ஒதுக்கினாள். செடியின் அடியில், மண்ணோடு மண்ணாகக் கிடந்த கொத்துகளில் பச்சைக் காய்கள். ஒவ்வொரு செடிக்கும் குந்தி உட்கார்ந்துதான் எடுக்க வேண்டும். எங்கள் இருவர் மனத்திலும் நெல்லியாம்பதித் தேயிலைப் பெண்கள் அத்தனை வருடமும் நின்றபடியே இருந்திருக்கிறார்கள்.

"போன சுற்றுல நாலு நாள் வந்து பாத்தேன்யா," என்றாள் அருள்மேரி, மெதுவாக. "வளையம் தொடையில இடிச்சு மடக்க முடியல. கால நீட்டிகிட்டு சரிவுல நகந்து நகந்து எடுத்தேன். கனம் எதுவும் தூக்கலய்யா, சத்தியமா."

மயில்சாமி அந்தச் சரிவிலேயே உட்கார்ந்தான். வலது காலை நீட்டி ஒரு செடி தூரம் நகர்ந்தான். குதிகால் மண்ணில் குத்தி நின்றது. உடம்பின் பாரமெல்லாம் மேலிருந்து வந்து குதிகாலிலும், சட்டத்தில் கம்பி இருக்கும் அந்தக் கணுக்கால் பக்கத்திலும் இறங்கியது. இன்னொரு தடவை நகர்ந்து பார்த்தான். "மூணு பேருக்கும் இதேதான்" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு பேன்ட் முழுக்கச் சேறோடு எழுந்தான்.

"சூப்பர்வைசரே, உக்காரறதுக்கு ஏதாச்சும் குடுத்தா, காலை மண்ணுல ஊனாமெ எடுக்கலாமில்லீங்?"

"சரிவுல எந்த முக்காலி நிக்கும் சார்? செடிக்குச் செடி யாரு தூக்கிட்டுப் போறது? எடுக்க முடிஞ்சா எனக்கு ஒண்ணும் இல்ல. நாளைக்கு நிக்கட்டும், பேர் எழுதுறேன். பாதியில எந்திரிச்சா மட்டும் என்னைக் கேக்கக் கூடாது."

மூன்று மணிக்கு விறகுக் கொட்டகையில் மயில்சாமி வேலையைத் தொடங்கினான். ஒரு பலகைத் துண்டு, அதன் நடுவே ஒரே ஒரு கால். பலகையை இடுப்போடு வாரில் கட்டிக்கொள்ள வேண்டும். நடக்கும்போது பின்னால் தொங்கும். குனிந்தால் கால் தானாக மண்ணில் ஊன்றும். ஒற்றைக் கால் என்பதால் எந்தச் சரிவிலும் சாய்த்துக்கொள்ளலாம். ரம்பத்தை எடுத்ததும் லூர்து குரல் கொடுத்தாள்: "எல்லாரும் கால உள்ள இழுத்துக்கங்கடி, டாக்டரு ரம்பம் எடுத்துட்டாரு!"

முதலில் அருள்மேரியைச் சமதரையில் உட்காரவைத்தான். சரியாக இருந்தது. சரிவில் உட்கார்ந்ததும் ஈர மண்ணில் பலகையின் கால் புதைந்து அவள் பக்கவாட்டில் சாய, நான்கு பேர் ஓடிப் பிடித்தோம். அவன் அந்தப் பலகைக் காலின் அடியில் உள்ளங்கை அகல வட்டப் பலகையை அறைந்தான். உட்காரும் உயரத்தை இரண்டு விரல் குறைத்தான். வாருக்கு ராஜன் காரிலிருந்து சாமான் கட்டும் பழைய பட்டையை அறுத்துத் தந்தார். பெரிய மருத்துவர்கள் கூடும் அரங்குகளில் தன் சட்டத்தைப் பற்றிக் கோட்டுப் போட்டுக்கொண்டு அவன் பேசியதை நான் கேட்டிருக்கிறேன். ஆனால் வாயில் ஆணிகளைக் கவ்விக்கொண்டு பலகையைத் திருப்பித் திருப்பிப் பார்த்த இந்த மயில்சாமிதான் எனக்கு நன்றாகத் தெரிந்தவன்.

இருட்டுவதற்குள் கம்பிப் புண்ணைக் கழுவி மருந்திட்டு, மாத்திரை கொடுத்தான். "புண்ணு தண்ணி கோத்தா உடனே தேனிக்கு மககிட்ட போயிருங்க. அது பாத்து எனக்குச் சொல்லட்டும்." பூப்பாறையில் அறை எடுத்தோம், 900 ரூபாய், வெந்நீர் வாளிக் கணக்கு.

வெள்ளிக்கிழமை காலை ஏழரை. பெரட்டுக் களத்தில் பனி. பிளாஸ்டிக் தாளை இடுப்பில் சுற்றிய பெண்கள் வரிசையாக நின்றார்கள். தேவராஜ் பேர்களை வாசித்தார். நடுவில் ஒரு முறை நிமிர்ந்து பார்த்தார்.

"அருள்மேரி."

"இருக்கேன்."

அவர் எழுதிக்கொண்டார்.

"பாத்துடி, வால் ஆடுது!" என்றாள் பின்னால் நின்ற லூர்து.

"உனக்கு வேணும்னா நீயும் கால ஒடச்சுக்க. அய்யா ஒண்ணு செஞ்சு தருவாரு."

எங்களைக் கடக்கும்போது அருள்மேரி நின்றாள். "எப்பய்யா கழட்டுவீக?"

"தை மாசம் பாக்கலாமுங்க."

"தையில காய் எடுப்பு முடிஞ்சிரும். அப்ப மெல்ல வாங்க, அவசரம் இல்ல" என்று சொல்லிவிட்டுச் சரிவுக்குள் இறங்கினாள்.

எங்கள் கொல்லங்கோட்டில் வயலில் யார் வேலை செய்தாலும் சாலையிலிருந்தே தெரியும். யார் நிமிர்ந்தார், யார் ஓய்ந்து வரப்பில் உட்கார்ந்தார் என்று காரிலிருந்தபடியே சொல்லிவிடலாம். இங்கே பத்தடி உள்ளே போன ஆளை இலைகள் மூடிவிடுகின்றன. ராஜன் வண்டியைக் கிளப்பி வைத்திருந்தார். மயில்சாமி ஏறாமல் பாதையோரம் நின்றான். அருள்மேரி இறங்கிய இடத்தில் ஒரு செடி அசைந்துகொண்டிருந்தது. வெகுநேரம் அந்த ஒரு செடிதான் அசைந்தது. பிறகு அது நின்றது. அவன் மூச்சைப் பிடித்துக்கொண்டிருந்தது எனக்குத் தெரிந்தது. அடுத்த செடி அசைந்தது. அதற்கும் அடுத்தது அசைந்த பிறகு வந்து காரில் ஏறினான்.