திருநீறும் வெளிச்ச ஒயரும்

மார்பில் கட்டி எடுத்த பிறகு பெரம்பலூர் ஆஸ்பத்திரியில் எனக்குக் கரண்டு வைத்தார்கள். கதிர் சிகிச்சைக்கு எங்கள் அரும்பாவூர்ப் பக்கம் அதுதான் பெயர். "இது கரண்டு இல்லம்மா" என்று அவர்களும் சொல்லிப் பார்த்தார்கள். நாங்கள் மாற்றிக்கொள்ளவில்லை.

என் கவலை வேறு. உடம்பு தேறினால் பால்குடம் எடுப்பதாக மாரியம்மனுக்கு வேண்டியிருந்தேன். பால்குடம் எடுக்கிறவர்கள் செவ்வாய்க்கிழமை ராத்திரி கையில் காப்புக் கட்டிக்கொள்ள வேண்டும். கட்டிவிட்டால் திருவிழா முடிகிறவரை ஊர் எல்லையைத் தாண்டக் கூடாது. எனக்குக் கடைசிக் கரண்டு அந்தச் செவ்வாய் காலையில்தான். நடுவில் ஒன்று தள்ளிப்போனாலும் புதன்கிழமை பஸ் ஏறியாக வேண்டும். அந்த வருஷம் பால்குடம் இல்லை.

கதிர் எவ்வளவு விழுகிறது என்று அளவு பார்க்க அங்கே ஒரு பெண் இருந்தாள். என் மகள் வயதுதான் இருக்கும். சில நாட்களில் தலைமுடியைவிடக் கொஞ்சம் தடிப்பான ஒரு ஒயரை என் நெஞ்சில் டேப் போட்டு ஒட்டுவாள். கதிர் பட்டால் அதன் நுனியில் மின்மினி மாதிரி வெளிச்சம் வருமாம். அந்த வெளிச்சம் ஒயருக்குள்ளேயே ஓடி, சுவருக்கு அந்தப் பக்கம் இருக்கிற கம்ப்யூட்டரில் கணக்காகத் தெரியுமாம்.

"ஃபைபர்னு பேரும்மா. நெட்டுக்குப் பள்ளம் தோண்டிப் போடுறாங்கல்ல, அந்த ஜாதிதான்."

இதை வெளியே வந்து வீட்டுக்காரரிடம் சொன்னேன். "அப்ப உன் நெஞ்சுல நெட்டு வருதுன்னு சொல்லு. நம்ம வூட்டுலதான் டவரே கிடைக்கல" என்றார். கேலி பேசுவாரே தவிர, மிஷினுக்குப் போகுமுன் நான் கழற்றிக் கொடுத்த தாலியைச் சட்டைப்பையில் போட்டு, மேலே கையை வைத்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்திருப்பார். டீ குடிக்கக்கூட எழுந்திருக்க மாட்டார்.

கடைசி வாரத்துக்கு முந்தின வெள்ளிக்கிழமை. அரியலூரில் இருக்கும் என் நாத்தனார் கங்கைகொண்ட சோழபுரத்துத் திருநீற்றைப் பொட்டலம் கட்டிக் கொடுத்தனுப்பி, போனும் செய்தாள். "நெத்தியில வச்சா பத்தாது அண்ணி. நோவு எங்கயோ அங்க பூசுங்க."

எனக்கும் அது சரியாகப் பட்டது. பவுடர், மஞ்சள், எண்ணெய் எதுவும் தொடக் கூடாது என்று ஆஸ்பத்திரியில் முதல் நாளே சொல்லியிருந்தார்கள். சோப்பைக்கூட நிறுத்தியவள் நான். ஆனால் திருநீறு அதில் சேரும் என்று எனக்குத் தோன்றவே இல்லை. உடை மாற்றும் அறையில் "சிவாய நம" என்று சொல்லி, பொட்டலம் தீரும்வரை தேய்த்துப் பூசினேன். மிஷின் அறையில், நெஞ்சில் போட்டிருக்கும் அடையாளக் கோடு பார்ப்பதற்காக விளக்கைக் குறைத்திருப்பார்கள். அந்தப் பெண்ணுக்கும் ஒன்றும் தெரியவில்லை. ஒயரை ஒட்டிவிட்டு வெளியே போனாள்.

மிஷின் கொஞ்சம் இரைந்து நின்றுவிட்டது. கதவைத் திறந்துகொண்டு அந்தப் பெண் வந்தாள்.

"அளவு ரொம்பக் கம்மியா காட்டுதும்மா. காரணம் தெரியாம மேல வைக்க முடியாது. இன்னிக்கு நிறுத்திட்டு திங்கக்கிழமை பாப்போம்."

திங்கள் என்றால் கடைசி புதனுக்குப் போகும். "ஆத்தா, ஒனக்குப் பால்குடம் வேணாமா?" என்று படுத்தபடியே அழ ஆரம்பித்தேன். அந்தப் பெண் பதறி விளக்கைப் போட்டாள். போட்டதும் குனிந்து என் நெஞ்சைப் பார்த்தாள். டேப் ஒரு பக்கம் தொங்கிக்கொண்டிருந்தது.

"இது என்னம்மா வெள்ளையா?"

"துன்னூறும்மா."

"பவுடர் கூடாதுன்னு சொன்னேனே?"

"பவுடரு நான் என் கல்யாணத்துக்கே போட்டதில்ல. இது சாமி கொடுத்தது."

கோபப்படத்தான் வாயைத் திறந்தாள், சிரிப்பு வந்துவிட்டது. "இவ்ளோ பூசுனா டேப்பு எங்க ஒட்டும்? ஒயரு நழுவி அக்குளுக்குப் போயி ஒளிஞ்சுகிட்டு இருக்கு. கதிரு விழுந்தது அதுக்கு எப்படித் தெரியும்?"

ஈரப் பஞ்சால் துடைத்தாள். "கீழ சிந்தாம தொடைங்கம்மா, கால்ல படக் கூடாது" என்றேன். துடைத்த பஞ்சைக் குப்பைக் கூடைவரை கொண்டுபோனவள் என்னைத் திரும்பிப் பார்த்தாள். நான் பார்த்த பார்வையில், அதைக் காகிதத்தில் மடித்து என் துணி மேல் வைத்தாள். ஒயரை மறுபடி ஒட்டினாள். அளவு சரியாக வந்தது. மிச்சத்தையும் அன்றைக்கே வைத்து முடித்தார்கள்.

வெளியே வந்ததும் வீட்டுக்காரர், "ஏன் லேட்டு? நெட்டு கட்டாயிருச்சா?" என்றார். பஞ்சுப் பொட்டலத்தைக் கொடுத்தேன். என்ன ஏது என்று கேட்காமல் தாலி இருந்த பையிலேயே போட்டுக்கொண்டார்.

செவ்வாய் காலையில் கரண்டு முடிந்தது, ராத்திரி காப்புக் கட்டினேன்.

பால்குடத்தன்று பூசாரி கை நிறையத் திருநீறு அள்ளி நெற்றியில் பூசி, வழக்கம்போலக் கழுத்துக்கும் கையைக் கொண்டுவந்தார். கரண்டு பட்ட தோல் இன்னும் ஆறியிருக்கவில்லை. நான் சட்டென்று பின்னால் நகர்ந்தேன்.

"நெத்தியோட நிறுத்திக்குங்க சாமி."

"ஏன்த்தா?"

நான் வாயைத் திறப்பதற்குள் பின்னாலிருந்து வீட்டுக்காரர் சொன்னார்: "அதுக்குக் கீழ பூசுனா நெட்டு கிடைக்காதுங்க."