அண்ணனின் சிலிண்டரில் நான் அடைத்த காற்று

என் அண்ணன் கடைசியாக இழுத்த காற்றை நான்தான் அடைத்துக் கொடுத்தேன். இதை வெளியே சொல்ல எனக்கு இத்தனை வருஷம் பிடித்திருக்கிறது.

அப்போது தெஹியோவிட்ட பக்கத்து ரப்பர் தோட்டமொன்றில் நான் பெக்டரி மெக்கானிக். அண்ணன், தோட்டத்து உதவி மேனேஜரான சின்னத்துரைக்கு டிரைவர். சின்னத்துரைக்குக் கடல் பைத்தியம். முதுகில் காற்றுச் சிலிண்டரைக் கட்டிக்கொண்டு, தெற்குக் கரையிலிருந்து நடந்தே இறங்கி, பவளப்பாறைகளைச் சுற்றிவிட்டு வருவார். தனியாக இறங்கக் கூடாதாம். துணைக்கு அண்ணனைப் பழக்கிவிட்டார். மலையில் பிறந்தவனுக்கு வந்த யோகத்தைப் பாருங்கள்! திங்கட்கிழமை எங்கள் லயத்து வரிசை வீட்டில் அண்ணன் வாயைத் திறந்தால் மூடமாட்டான்.

"கிளிமீனு பச்சையும் ஊதாவுமா கைக்கிட்ட வருதுடா. திருக்கை மணலைப் போத்திக்கிட்டுப் படுத்துக் கெடக்கு. ஆமை ஒண்ணு நம்ம கங்காணி மாதிரி மொறச்சுப் பாத்துட்டுப் போச்சு!"

சுற்றியிருக்கிற காற்றை இழுத்துச் சிலிண்டரில் அடைக்கும் பெற்றோல் மெஷின் என் பொறுப்பு. அந்தச் சனிக்கிழமை முதல் சிலிண்டரை முற்றத்தில் வைத்து அடைத்தேன். இரண்டாவதை மாட்டியபோது மழை கொட்டியது. மெஷின் நனைந்தால் சின்னத்துரை தோலை உரித்துவிடுவார். ரப்பர் ஷீட்டுகளுக்கு விறகு மூட்டிப் புகைபோடும் புகைக்கூடத்தின் தாழ்வாரத்துக்குள் அதை இழுத்தேன். புகை கசிந்துகொண்டுதான் இருந்தது. எனக்கு அது உறைக்கவே இல்லை. எங்கள் சட்டை, பாய், சோறு எல்லாவற்றிலும் அந்த வாசம்தான்.

தோட்டத்தில் எதுவும் துரைக்குத்தான் முதலில். முதலில் அடைத்த சிலிண்டர் அவருக்கு, மற்றது அண்ணனுக்கு.

மறுநாள் நானும் கூடப் போயிருந்தேன். கரையில் அண்ணன் குழாயை வாயில் வைத்து இழுத்துப் பார்த்தான்.

"நம்ம புகைக்கூட வாசம் அடிக்குதுடா!"

"அப்ப வீட்டு ஞாபகமாவே இருக்கும், போ" என்றேன். என் நாக்கு அழுகியிருக்கக் கூடாதா!

இருவரும் அலைக்குள் இறங்கினார்கள். நான் குமிழிகளைப் பார்த்துக்கொண்டு நின்றேன். முதலில் இரண்டு இடத்தில் வந்தன. பிறகு ஓரிடத்தில் மட்டும். சின்னத்துரை அண்ணனை இழுத்துக்கொண்டு மேலே வந்தார். தண்ணீர் குடித்த சாவு என்று எழுதினார்கள்.

லயத்து வாசலில் கிடத்தியதும் அண்ணி அவன் முகத்தைத் தடவிப் பார்த்தார்.

"இவரு வெத்தலையே போடமாட்டாரே தம்பி, ஒதடு ஏன் இப்படிச் செவந்திருக்கு?"

"கடல்ல செத்தா அப்படித்தான் அண்ணி."

எனக்கென்ன தெரியும்? அவர் அழுகையை நிறுத்த வாய்க்கு வந்ததைச் சொன்னேன்.

இரண்டு வருஷம் கழித்து, மழைக்குக் கதவைச் சாத்திக் கரியடுப்பு மூட்டிப் படுத்த ஒருவர் காலையில் எழுந்திருக்கவில்லை. உதட்டில் அதே சிவப்பு. "புகைக் காத்தக் குடிச்சவனுக்கு இப்படித்தான் செவக்கும்" என்றார் தோட்டத்தில் மருந்து கொடுக்கும் டிஸ்பென்சர் ஐயா. நான் நேரே புகைக்கூடத்துத் தாழ்வாரத்துக்குப் போய், கசிகிற புகையைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

அன்றிலிருந்து பஸ்ஸில் யாராவது வெற்றிலை மென்றால்கூட என்னால் அந்த வாயைப் பார்க்க முடியாது. பயம். எத்தனையோ முறை சொல்லிவிடலாமென்று அண்ணி வீட்டுக்குப் போய், தேத்தண்ணி குடித்துவிட்டுத் திரும்பியிருக்கிறேன்.

கடைசியாகப் போனபோது அண்ணன் மகள், அப்பா எப்படிச் செத்தார் என்று கேட்டாள். அண்ணி என் பக்கம் கையைக் காட்டினார்.

"கடல்ல செத்தா ஒதடு செவந்துருமாம். சித்தப்பாதான் சொன்னாரு. அவருக்குத்தான் எல்லாம் தெரியும், அவருக்கிட்ட கேளு."